கையைக் கழுவிட்டு உள்ளே வாங்க

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்கு நிற்கும்போது என் கையில் ஒரு தெர்மாஸ். அதற்குள் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டிக்கு நடுவில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி, குப்பியில் 6 மில்லி சீம்பால். ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதை எடுக்க என் மனைவிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வயிற்றில் தையல், கையில் டிரிப்ஸ் ஊசி, பக்கத்தில் பிள்ளை இல்லை. பிள்ளையைப் பார்க்காமல் பால் சுரப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கண்டக்டர் தெர்மாஸை மேலே வைக்கச் சொன்னார். மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். 65 கிலோமீட்டர். வழியெல்லாம் இரண்டு தடவை மூடியைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

எங்கள் மகள் 2017 நவம்பர் இரண்டாவது வாரத்தில் பிறந்தாள். 30 வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் தலைவலி என்றாள் என் மனைவி. சாயங்காலம் கண் மங்குது என்றாள். பிரஷர் 170ஐத் தாண்டியிருந்தது. பிள்ளையின் நுரையீரலைத் தயார்படுத்தும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, அது வேலை செய்வதற்காக ஒரு நாளை எப்படியோ கடத்தி, மறுநாள் இரவு முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. 1,240 கிராம். அழுததா என்று கேட்டேன். “லேசா அனத்துச்சு” என்றார் சிஸ்டர். அந்த அனத்தல் நல்ல அறிகுறி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. விரிய மறுக்கும் நுரையீரலோடு பிள்ளை மல்லுக்கட்டுகிற சத்தம் அது.

திண்டுக்கல்லில் நாங்கள் இருந்த இடத்தில் அவ்வளவு சின்னப் பிள்ளையை வைத்துப் பார்க்க வசதி இல்லை. 108 ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனோம். என் மனைவிக்கு மயக்கம் தெளிவதற்குள் நாங்கள் கொடைரோடு டோல்கேட்டைத் தாண்டிவிட்டோம்.

அவள் தன் பிள்ளையைப் பார்த்தது ஆறாம் நாள். அதுவரைக்கும் என் செல்போனில் இருந்த ஒரே ஒரு படம்தான். நான் நாலைந்து படம் எடுத்திருந்தேன். குழாய் அதிகம் தெரியாத, தொப்பியும் ஒரு கன்னமும் மட்டும் தெரிகிற படத்தைத்தான் காட்டினேன். அவள் அதை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக உடையும் வரைக்கும் விரித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மத்த போட்டோவ ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?” என்றாள்.

மதுரையில் பிள்ளையைச் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் மகளின் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் மருந்து, நுரையீரல் சுருங்காமல் இருக்க மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் சி-பாப், மருந்து ஏற்றத் தொப்புள் வழியாக லைன், மஞ்சள் காமாலைக்கு நீல வெளிச்சம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மூச்சுவிட மறந்துபோகும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் காப்பியில் இருக்கிற அதே கஃபீனை மருந்தாகக் கொடுப்பார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். என் மாமியாரிடம் சொன்னபோது, “பச்சப் புள்ளைக்குக் காப்பியா மாப்ளே?” என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

உள்ளே போக நாளைக்கு இரண்டு தடவை அனுமதி. காலை 11 மணிக்குப் பத்து நிமிடம், மாலை 5 மணிக்குப் பத்து நிமிடம். பச்சை கவுன், தொப்பி, மாஸ்க். உள்ளே எப்போதும் ஏதோ ஒரு மெஷின் கத்திக்கொண்டிருக்கும். முதல் நாள் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிஸ்டர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத சத்தம் எது, ஓடி வருகிற சத்தம் எது என்று மூன்றாம் நாள் எனக்கே தெரிந்துவிட்டது. பிள்ளையின் பாதத்தில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் ஒரு சிவப்பு வெளிச்சம் சுற்றியிருந்தது. அந்தப் பாதம் என் கட்டைவிரல் அளவு. வெளிச்சம் பாதத்தை ஊடுருவி அந்தப் பக்கம் தெரியும். கையில் ஒரு சீட்டு: ‘பேபி ஆஃப்’ என்று போட்டு என் மனைவியின் பெயர். பிள்ளைக்கென்று பெயர் கிடையாது. நாங்களும் வைக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் “இப்ப வேணாம்” என்றார்கள். ஏன் வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

நான் அங்கே எதற்குத் தேவைப்பட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட, சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி மருந்து வாங்கிவர, பணம் கட்ட. பால் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்கு அதைக் கொடுத்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள், குடித்ததா, கக்கியதா என்று கேட்டால் “ரவுண்ட்ஸ்ல டாக்டர் சொல்வாங்க” என்பார்கள். டாக்டர் சொல்வார்தான். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

பிள்ளை பிழைக்குமா என்ற பயம் இருந்தது. இல்லாமலா? ஆனால் பயம்கூட ஒரு வாரத்தில் உடம்போடு பழகிவிடுகிறது. சாப்பிடுகிறோம், பல் தேய்க்கிறோம், பக்கத்தில் பயமும் உட்கார்ந்திருக்கிறது. கடைசிவரை பழகாதது ஒன்றுதான்: நான் பெற்ற பிள்ளைக்கு நான் செய்ய ஒன்றுமே இல்லை.

இது என் மனக்குறை மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். பிறகு ஒரு கேள்வித்தாளைப் பற்றிப் படித்தேன். மார்கரெட் மைல்ஸ் என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993ல் வெளியிட்டது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் எதனால் எவ்வளவு நொந்துபோகிறார்கள் என்று அளப்பது அதன் வேலை. அந்த இடத்தின் சத்தமும் காட்சியும் ஒரு பகுதி. பிள்ளையின் தோற்றமும் அது படும் பாடும் இன்னொரு பகுதி. மூன்றாவது, பெற்றவர் பெற்றவராக இருக்க முடியாமல் போவது: பிள்ளையைத் தூக்க முடியாதது, பாலூட்ட முடியாதது, வலியிலிருந்து காப்பாற்ற முடியாதது, தனியாகப் பிள்ளையோடு இருக்க முடியாதது. உலகின் பல நாடுகளில் இதை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் மிஷின் சத்தத்தை விட இந்த மூன்றாவது பகுதிதான் பெற்றோரை அதிகம் வாட்டியதாக வந்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஒரு ஆறுதல். நான் பட்டதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வெளியே ஹாலில் இரும்பு நாற்காலிகள், சுவரோரம் பாய்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரனுக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, துண்டு, கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். நான் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “சாப்ட்டியா தம்பி?” பிள்ளை எப்படி இருக்கு என்று அந்த ஹாலில் யாரும் யாரையும் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு, வருகிற பதிலின் தொனியிலேயே பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

பரமக்குடியிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி எங்கள் பக்கத்துப் பாய். ஒரு நாள் விடிகாலையில் நான் வந்தபோது பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்திருந்தது. நாற்காலியில் ஒரு வயர் கூடை. அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஸ்வெட்டர். மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நம் பிள்ளை இல்லை என்ற ஒரு நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கு முழுவதும் அந்தக் கூடை இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

ஊரில் கேட்டவர்கள் வேறு மாதிரி. “என்னத்தத் தூக்குனா?” “பப்பாளி எதும் சாப்ட்டாளா?” “ஏழாம் மாசம் எதுக்கு வேலைக்குப் போனா?” கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணம் ஒன்று கிடைத்தால் அவர்களுக்கு மனசு ஆறும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தவளின் காதில்தான் விழுந்தது. கர்ப்பத்தில் இப்படிப் பிரஷர் ஏறுவது பப்பாளியாலும் இல்லை, படி ஏறியதாலும் இல்லை. தாய் எதையோ செய்ததால் வருகிற நோயே இல்லை அது. டாக்டர் இதை அவளிடம் தெளிவாகச் சொன்னார். அப்படியும் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, “அன்னைக்கு நான் பக்கெட்டத் தூக்காம இருந்திருக்கலாம்ல?” என்று கேட்டாள்.

ஆறாம் நாள் அவளை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனாள். பிள்ளை இருந்த இன்குபேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை. ஒரு நிமிடம் கழித்துச் சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்: “தொடலாமா சிஸ்டர்?”

“இப்பத்தாம்மா தூங்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்.” சிஸ்டர் கடுமையாகச் சொல்லவில்லை. பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொன்னார்.

திரும்பும்போது என் மனைவி சொன்னாள்: “நான் அங்க விருந்தாளிங்க.”

பன்னிரண்டு நாளில் கையில் இருந்ததும் தீர்ந்தது, அவளுடைய நகையில் பாதியும் தீர்ந்தது. பிள்ளை சி-பாப்பிலிருந்து வெளியே வந்திருந்தாள். டாக்டரே, “இனி எடை ஏறணும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனைல நல்லாப் பாப்பாங்க, மாத்திக்கிறீங்களா?” என்று கேட்டார். சொந்தக்காரர்கள், “ஜி.எச்.சுக்கா கொண்டுபோற?” என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வார்டில் கூட்டம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. ஏ.சி. சத்தம் போட்டது. என் மனைவி வழக்கம்போல வாசலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும் ஒரு சிஸ்டர் அவளைப் பார்த்து, “ஏம்மா அங்கயே நிக்கிற? வளையல், மோதிரத்தக் கழட்டி ஐயாட்ட குடு. கையைக் கழுவிட்டு உள்ளே வா” என்றார். என் மனைவிக்குப் புரியவில்லை. “எத்தன மணிக்கு சிஸ்டர்?” என்றாள். “இது உன் புள்ளம்மா. மணி என்ன மணி?”

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு இரண்டு நிமிடம் கழுவச் சொன்னார். நகத்தை வெட்டிவிட்டார். பிறகு என் மனைவியின் கையில் ஒரு சிரிஞ்சைக் கொடுத்தார். பிஸ்டன் இல்லாத வெறும் குழல். அதன் நுனி பிள்ளையின் வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயோடு சேர்ந்திருந்தது. அவள் பிழிந்து எடுத்த பாலை அதில் 10 மில்லி ஊற்றினார்கள். “உயரத் தூக்குனா வேகமா இறங்கும். தாழ்த்துனா மெதுவா இறங்கும். பாப்பா மொகத்தப் பாத்துக்கிட்டே புடி.” அவ்வளவுதான் பாடம். என் மனைவி சிரிஞ்சைப் பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள். கை நடுங்கியது. பால் மட்டம் ஒரு கோடு, இன்னொரு கோடு என்று இறங்கியது. பிள்ளை நெற்றியைச் சுருக்கினால் கையைத் தாழ்த்தினாள். சுருக்கம் போனதும் கொஞ்சம் தூக்கினாள். கால் மணி நேரம் இமை கொட்டாமல் நின்றாள். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்த பதின்மூன்றாம் நாள் அவள் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

அந்த வார்டில் அவளுக்கு நாளெல்லாம் வேலை இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். துணி மாற்றுவது. எடை போடும்போது பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுவது. என்ன பார்த்தால் உடனே கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள்: உதடு நீலம் பாய்ந்தால், விலா உள்ளே இழுத்தால், பால் வயிற்றில் நின்றுகொண்டு வயிறு உப்பினால், தொட்டால் பாதம் சில்லென்று இருந்தால். சாயங்காலம் நான் வந்தால் ஒரு சிஸ்டர் மாதிரி எனக்கு ரிப்போர்ட் சொல்வாள். பயம் குறையவில்லை. ஆனால் அவள் தூங்க ஆரம்பித்தாள்.

இப்படி ஒரு முறையே நம் நாட்டில் வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் டாக்டர்கள் செய்துபார்த்து, பிறகு மத்திய சுகாதாரத் துறை 2017ல் வழிகாட்டியாகவே வெளியிட்டது: பிள்ளையின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்குள்ளேயே அவர்களைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்வது. ‘குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு’ என்று தமிழில் சொல்லலாம். அந்த சிஸ்டர் இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டுச் செய்தாரா, தன் மனசிலிருந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. மனசு என்றுதான் நினைக்கிறேன்.

கங்காரு பராமரிப்பும் அங்கேதான். பிள்ளைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும். அம்மாவின் வெற்று மார்பில் நெட்டுக்குத்தாகப் படுக்கவைத்து, தவளை மாதிரி கால்களை மடக்கி, துணியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ல் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. பிறகு ஹெக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்தார். இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் பிள்ளைகளைச் சேர்த்துப் போட்டால் தொற்று பரவுகிறது, தாயின் மார்புச் சூட்டையே நம்பலாம் என்று இறங்கினார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலை இன்றைக்கு உலகம் முழுக்க முதல்தர மருத்துவம்.

எங்கள் மகள் பிறந்த அதே 2017 நவம்பர் கடைசியில், உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியிருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாட்டு மருத்துவமனைகள். இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். என் மகளின் எடை அந்தக் கணக்குக்குள் வருகிறது. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பு. அம்மாவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில். மறு பாதிக்கு வழக்கம்போல முதலில் பெட்டி, சீரான பிறகு மார்பு. பிரிவுக்குள் இருந்த நாட்களில் முதல் குழுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம் மார்பில் இருந்தார்கள். மறு குழு ஒன்றரை மணி நேரம். 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 100க்கு 12, மறு குழுவில் 100க்குக் கிட்டத்தட்ட 16. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021ல் முடிவு வெளிவந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது.

இதை நான் எதற்கு இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அம்மாவை உள்ளே விடுவது ஒரு சலுகை, ஒரு இரக்கம் என்றுதான் பலர் இன்னும் நினைக்கிறார்கள். இரக்கம் இல்லை, சிகிச்சை. பத்து நிமிடம் என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பிள்ளைக்குச் சேர வேண்டிய சிகிச்சையைத்தான் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொற்று வரும் என்பார்கள். கை கழுவாமல் போனால் யார் போனாலும் வரும். கழுவச் சொல்லிக்கொடுங்கள்.

என் முறையும் ஒரு நாள் வந்தது. என் மனைவிக்குக் காய்ச்சல், உள்ளே போகக் கூடாது. “அப்பா நெஞ்சுல சூடு இல்லையா என்ன? சட்டையக் கழட்டுங்க சார்” என்றார் சிஸ்டர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒன்றேகால் கிலோவை என் நெஞ்சில் வைத்துக் கட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு லேசு. பிறகு அவள் மூச்சு தெரிந்தது. வேகமாக ஏழெட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஏழெட்டு. அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. பாதத்து வெளிச்சம் காட்டிய எண் 91 இருந்தது. கொஞ்ச நேரத்தில் 94. பிறகு 96. அரை மணி நேரத்தில் என் நெஞ்சு முடியைக் கையால் பற்றிக்கொண்டு தூங்கிவிட்டாள். கையெழுத்தும் சீட்டும் பில்லும் தவிர எனக்கும் ஒரு வேலை கிடைத்தது.

34 வாரக் கணக்கு ஆனதும் பாலாடையில் கொடுக்கச் சொன்னார்கள். என் பாட்டி காலத்து வெள்ளிப் பாலாடையை என் மாமியார் எடுத்துவந்தார். “அதெல்லாம் வேணாம், கொதிக்க வச்ச இத வச்சுக்குங்க” என்று சிஸ்டர் ஒரு எவர்சில்வர் பாலாடையைக் கொடுத்தார். முப்பதாம் நாள் வாக்கில் கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்த்தார். குறைமாதப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம், தவறவிட்டால் பார்வையே போகலாம். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். 48ஆம் நாள், 1,780 கிராமில், வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். முதல் ராத்திரி இருவரும் தூங்கவில்லை. மிஷின் இல்லாத அமைதி தாங்க முடியவில்லை. எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் பிள்ளையைப் பார்த்தால் உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை. மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். தெருவில் ஏதோ ஒரு வேன் பின்னோக்கி வரும்போது போடுகிற ‘பீப் பீப்’ சத்தத்துக்கு என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கையில் கரண்டி. பிள்ளை தொட்டிலில் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதம் ஆகியும் அது குறையவில்லை. பிள்ளை எடை ஏறியது, இவள் எடை இறங்கியது. யாரையும் பிள்ளையைத் தூக்க விடமாட்டாள். கேட்டால், “என்னாலதான் இப்டி ஆச்சு, நான்தான் பாத்துக்கணும்” என்பாள். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் அம்மா பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு, இவளைப் பார்த்து, “நீ எப்படிம்மா இருக்க?” என்று கேட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்பட.

பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள். 1987ல் பிரிட்டனில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா, தன் மேலேயே பழி போட்டுக்கொண்டாயா என்று போகும். ஐந்து நிமிட வேலை. என் மனைவி அதை நிரப்பிக்கொண்டிருந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டு விம்மி அழுதாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது வராத அழுகை. ஆறேழு மாதம் ஆலோசனைக்குப் போனாள். கொஞ்ச காலம் மாத்திரையும் எடுத்தாள். மெல்ல மெல்லத் தேறினாள். இன்றைக்கு இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு டாக்டர் கையருகில் இல்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். பணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

என்னை யாரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை. நாலு நாள் லீவு முடிந்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒரே கணக்கை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வந்தது. என் மனைவிக்குச் சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. அதில் 7 வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. பிள்ளையை வீட்டில் வைத்து நிம்மதியாகப் பால் கொடுத்த வாரங்களையும் இவற்றையும் ஒரே கணக்கில் எழுதுவது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து, பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் அம்மா, அப்பா இருவருக்குமே 12 வாரம் வரை தனி விடுப்பு கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறக்கிறார்கள். அவர்களின் அம்மா அப்பாவுக்கும் இது வேண்டும்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. கண்ணாடி போட்டிருக்கிறாள். ஓட்டத்தில் கொஞ்சம் பின்தங்குவாள், வாயில் யாரும் ஜெயிக்க முடியாது.

போன மாதம் எங்கள் சங்கத்தில் வேலை பார்க்கும் பையனுக்குப் பிள்ளை பிறந்தது. 31 வாரம், மதுரையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேறு ஆஸ்பத்திரி, ஆனால் அதே மாதிரி ஹால், அதே மாதிரி இரும்பு நாற்காலி. கையில் மருந்துச் சீட்டோடு சுவரில் சாய்ந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

“சாப்ட்டியாடா?”

தலையை ஆட்டினான். சாப்பிடவில்லை என்று அர்த்தம். இரண்டு இட்லியை வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

“அண்ணே, அஞ்சு மணிக்குத்தான் விடுவாங்களா?”

“நீ கேட்டியா?”

“இல்லண்ணே. போர்டுல போட்டுருக்கு.”

“பால் யாரு குடுக்குறாங்கன்னு கேளு. நெஞ்சுல வச்சுக்கலாமான்னு கேளு. கைய நல்லாக் கழுவிட்டு வந்து நிக்கிறேன்னு சொல்லு.”

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஹால் மூலையில் இருந்த குழாய்ப் பக்கம் போனான். முழங்கை வரைக்கும் சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டான்.